வெளுத்துப் போன இட்லிப்பூத் தொட்டிகளைப் பச்சைக்குத் திருப்பியது

காங்கேயம் பக்கம் அத்தை வீட்டு வாசலில் ஆறு சிமெண்ட் தொட்டிகளில் குட்டை ரக இட்லிப்பூ வைத்திருந்தார்கள். நர்சரிகளில் மினி இட்லிப்பூ என்று கேட்டால் கொடுக்கும் ரகம். இலை சிறிசு, கணு நெருக்கம், தொட்டியில் ஒன்றரை இரண்டு அடிக்கு மேல் போகாது. வாங்கி வைத்த புதிதில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூத்த செடிகள். போன கோடைக்குள் ஆறும் வெளுத்துவிட்டன. நுனி இலைகள் மஞ்சள், அதற்கும் மேலே வந்த கொழுந்து கிட்டத்தட்ட வெள்ளை, பூ அறவே இல்லை.

"ஏங்கண்ணு, இதுகளைப் புடுங்கிப் போட்டுட்டு அரளியே வெச்சுக்கலாமா?" என்று அத்தை கேட்டார்கள்.

"வேண்டாமுங்க அத்தை. ரெண்டை நான் கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போறேன், மீதி நாலையும் இங்கயே வெச்சுப் பார்க்கலாமுங்க" என்றேன். எங்கள் வீடு வடவள்ளியில், அடுக்குமாடியில். கிழக்குப் பார்த்த பால்கனியும் கூடத்து ஜன்னலும் உண்டு. ஒரே நர்சரிச் செடி, இரண்டு ஊர், இரண்டு தண்ணீர். இட்லிப்பூ நம்ம ஊருக்கு ஒத்துவராது என்று கைவிட்டவர்கள் கொங்கு நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒத்துவரும். உரத்தை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் தண்ணீரையும் சுண்ணாம்பையும் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

செடி மஞ்சளானால் யூரியாவுக்கும் சாணத்துக்கும் கை போவது வழக்கம். அதற்கு முன்னால் எந்த இலை மஞ்சள் என்று பார்க்க வேண்டும். அடி இலைகள் வெளுத்து நுனி பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. இங்கே நேர்மாறு, அடி இலை நல்ல பச்சை, மேலே போகப் போக வெளுப்பு. நுனியில் ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். நடு நரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் மெல்லிய பச்சைக் கோடுகளாக ஓடின. இடையில் இருந்த சதை முழுக்க மஞ்சள். இரும்புச்சத்துக் குறைக்கு இதுதான் அடையாளம். பழைய இலையில் இருக்கும் இரும்பைச் செடியால் எடுத்துப் புது இலைக்குக் கொடுக்க முடியாது. அதனால் குறை முதலில் கொழுந்தில்தான் தெரியும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களுக்கும் நிலக்கடலை போடுகிறவர்களுக்கும் இந்த வெளுப்பு பழக்கமானது, அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கித் தெளிப்பார்கள்.

ஆனால் தொட்டியில் இருந்தது செம்மண். செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. அத்தனை இரும்பு இருந்தும் செடி பட்டினி கிடக்கிறது என்றால் இரும்பை ஏதோ ஒன்று பூட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருந்த படிவைச் சுரண்டி ஒரு பழைய தட்டில் போட்டு, சமையலறை வினிகரை நாலு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது, சுண்ணாம்பு இருப்பதற்கு அடையாளம். மேல்மண்ணில் விட்டபோதும் குமிழி குமிழியாகக் கிளம்பியது. ஒரு கை மண்ணை மழைநீரில் கலக்கித் தெளியவைத்து, 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம் என்று நிறத்தால் காட்டும் பிஹெச் தாளை நனைத்தால் நிறம் 8ஐத் தாண்டியது. இட்லிப்பூவுக்குப் பிடித்தது 5க்கும் 6க்கும் நடுவில். 7ஐத் தாண்டினாலே மண்ணில் உள்ள இரும்பு கரையாத துருவாகிவிடும், வேரால் எடுக்க முடியாது.

இந்தச் செடியின் சொந்த ஊரை நினைத்தால் காரணம் விளங்கும். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாயகம், காப்பிச் செடியின் குடும்பம். இலைச்சருகு மக்கிய, மழை அலசி அலசிச் சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோன புளிப்பு மண்ணில் வளர்ந்தது. சங்க காலத்தில் ஆநிரை கவரப் புறப்பட்டவர்கள் சூடிய வெட்சிப் பூ இதுதான். காங்கேயம் மாடு மேயும் சீமையில் அந்தப் பூ வெளுத்துக் கிடந்தது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கொங்குச் சமவெளி மழை குறைந்த நாடு. பல இடங்களில் மண்ணை இரண்டடி தோண்டினால் சுண்ணாம்பு நிறைந்த சுக்கான் கல் தட்டும். மதுக்கரையில் சிமெண்டுக்கே வெட்டி எடுக்கும் அளவுக்குச் சுண்ணாம்புக்கல் உண்டு. அந்தக் கல் வழியாக இறங்கி வரும் நீர்தான் போர்த்தண்ணீர். தென்னையும் சோளமும் தாங்கும், இட்லிப்பூ தாங்காது.

அத்தை வீட்டில் சுண்ணாம்பு நாலு வழியில் தொட்டிக்குள் போயிருந்தது. முதலாவது போர்த்தண்ணீர், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. இரண்டாவது சிமெண்ட் தொட்டி. நீர் ஊற்ற ஊற்ற அதன் உட்புறத்திலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும், புதுத் தொட்டி என்றால் இன்னும் அதிகம். மூன்றாவது, பொங்கல் நோம்பிக்கு வாசலுக்கும் தொட்டிக்கும் காவியும் சுண்ணாம்பும் அடிக்கும்போது உள்ளே வழிந்தது. நாலாவது, பூச்செடிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிப் போட்ட முட்டை ஓடும் அடுப்புச் சாம்பலும். தக்காளிக்கோ ரோஜாவுக்கோ அளவாகப் போட்டால் அவற்றால் குற்றமில்லை. இட்லிப்பூவுக்கு முட்டை ஓடு, சாம்பல், எலும்புத்தூள் மூன்றும் ஆகாது.

முதல் வேலையாகத் தொட்டியை மாற்றினோம். சிமெண்ட் தொட்டிகளைக் காகிதப்பூவுக்கும் அரளிக்கும் விட்டுவிட்டோம், அவை இட்லிப்பூவைவிடச் சுண்ணாம்பைத் தாங்கும். இட்லிப்பூவுக்கு 12 அங்குல பிளாஸ்டிக் தொட்டி. மண்தொட்டி பார்க்க அழகுதான், ஆனால் காங்கேயம் காற்றாலை சுற்றுகிற சீமை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மண்தொட்டியின் பக்கவாட்டிலும் ஈரத்தை உறிஞ்சிவிடும். காலையில் ஊற்றியது பொழுதோட, அதாவது சாயங்காலம், காய்ந்திருக்கும். பொழுதுக்கும் வீட்டில் ஆள் இருந்து இரண்டு வேளை ஊற்ற முடிகிறவர்கள் மண்தொட்டி வைக்கலாம்.

மண் கலவை இரண்டு பங்கு நார்த்தூள், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம், கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அடியில் வடிகாலுக்கு ஓட்டாஞ்சில்லுக்குப் பதிலாக நிலக்கடலை ஓடு போட்டோம். செம்மண்ணைச் சேர்க்கும் முன் வினிகர் சோதனை செய்து, நுரைக்காத மண்ணாகப் பார்த்து எடுத்தோம். நார்த்தூள் பொள்ளாச்சிச் சரக்கு, 5 கிலோ கட்டி. வாங்கியதும் நேராகத் தொட்டியில் போடக்கூடாது. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு, சில நார் மில்களில் மட்டையை ஊறவைப்பதும் உப்புத் தண்ணீரில்தான். பெரிய அண்டாவில் ஊறவைத்து, கோணிச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டு வடித்தோம். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. ஊறவைத்து வடிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்து, வடியும் தண்ணீர் வெளிறிய பிறகுதான் எடுத்தோம். அந்தத் தண்ணீரில் மீட்டரை விட்டுப் பார்த்தால் உப்பு இறங்குவது எண்ணிலேயே தெரியும்.

செடியைத் தூக்கும்போது வேர்க்கட்டியை அப்படியே உதறக்கூடாது. இட்லிப்பூவின் வேர் மெல்லிசு, பட்டென்று ஒடியும். ஒரு நாள் முன்னதாக நன்றாக நனைத்து, பொழுதோட தொட்டியைச் சாய்த்து எடுத்தோம். வெளிப்பக்க மண்ணில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விரலால் உதிர்த்தோம். உயிருள்ள வேர் வெளிர் நிறத்தில் விறைப்பாக இருக்கும். கறுத்து, தொட்டால் தோல் கழன்று வருவது அழுகிய வேர், அதை வெட்டிவிடலாம். ஒரு செடியில் பாதி வேர் அப்படித்தான் இருந்தது, அது பிழைக்கவில்லை. மாற்றி வைத்ததை இரண்டு வாரம் வேப்பமர நிழலில் வைத்துவிட்டு, அப்புறம் மெல்ல வெயிலுக்குக் கொண்டுவந்தோம்.

மண்ணை மாற்றிவிட்டு அதே போர்த்தண்ணீரை ஊற்றினால் ஒரு வருஷத்துக்குள் பழைய கதைதான். அத்தை வீட்டு ஓட்டுக்கூரைத் தாழ்வாரத்தில் ஒரு 200 லிட்டர் டிரம் வைத்து, வாயில் பழைய வேட்டியைக் கொசுவுக்காகக் கட்டிவிட்டோம். ஐப்பசி கார்த்திகை மழையில் நிரம்பியது தை கடைசி வரை ஓடியது. மழைநீர் தீர்ந்த பிறகு போர்த்தண்ணீரில் எலுமிச்சை உப்பு சேர்க்கிறோம், சிட்ரிக் ஆசிட் என்று மளிகைக் கடையில் கிடைப்பதுதான். 20 லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, கலக்கி, பிஹெச் தாள் 6 காட்டும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு, அளவும் மாறும். இது சுண்ணாம்பை மட்டும்தான் அடக்கும், உவர்ப்பு அப்படியேதான் இருக்கும். அதனால் மாதம் ஒருமுறை தொட்டியின் அடியில் வழிந்தோடும்படி நிறையத் தண்ணீர் விட்டு உப்பை இறக்குகிறோம். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் இட்லிப்பூவுக்கு மட்டும் ஊற்ற வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்து கெட்டியானது அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு அருமையானது, உப்பே கிடையாது.

வடவள்ளியில் எனக்கு இந்தப் பாடு இல்லை. புழக்கத்துக்குப் போர்த்தண்ணீர், குடிக்கச் சிறுவாணி. புதுத் தண்ணீர் பிடிக்கும் அன்று குடத்தில் மிச்சமிருக்கும் பழைய சிறுவாணித் தண்ணீர் இரண்டு தொட்டிக்கும் போதும். மீட்டர் இரண்டு இலக்க எண்ணில்தான் நிற்கிறது. மலையின் மழைநீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறாமல் அணைக்கு வந்து குழாயில் இறங்குவதால் அந்த மென்மை. இரண்டு ஊரிலும் ஒரே கலவை, ஒரே தெளிப்பு. இருந்தும் எங்கள் வீட்டுச் செடிகள்தான் முதலில் பச்சையாயின.

தெளிப்பு அன்னபேதிதான். ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் எலுமிச்சை உப்பு 1 கிராம், அது கரைந்ததும் அன்னபேதி 5 கிராம். கடையில் வாங்கும்போது வெளிர் பச்சைப் படிகமாக இருக்க வேண்டும், பழுப்பேறியது பாதி வீணானது. போர்த்தண்ணீரில் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் செம்பட்டையாகக் கலங்கி அடியில் படியும், அது செடிக்கு உதவாது. கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும் நனைய அடிக்க வேண்டும். பத்து நாளைக்கு ஒருமுறை வீதம் கொழுந்து பச்சையாகும் வரை. கூடுதலாகக் கரைத்தால் இலையில் கரும்புள்ளி விழும். டைல்ஸ் தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது, பால்கனிக்காரர்கள் கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

அன்னபேதியை மண்ணில் போடலாமா என்றால், சுண்ணாம்பு மண்ணில் போட்டது சீக்கிரமே பூட்டிக்கொள்ளும். மண்ணுக்கென்றால் இடிடிஹெச்ஏ (EDDHA) வகை இரும்புச் செலேட், அதாவது இரும்பைப் பூட்டிக்கொள்ளாமல் பிடித்து வைத்திருக்கும் மருந்து, கேட்டு வாங்க வேண்டும். சாதாரண இடிடிஏ (EDTA) வகை பிஹெச் ஆறரையைத் தாண்டினால் பலன் குறைந்துவிடும், இது அதற்கு மேலும் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் லிட்டருக்கு 1 கிராம் போதும். அத்தை வீட்டுத் தொட்டிகளுக்கு இதைத்தான் மழைநீரில் கலந்து ஊற்றினோம், தண்ணீர் பீட்ரூட் சாறு போலச் சிவந்தது.

ஏற்கெனவே வெள்ளையாகிவிட்ட இலை முழுசாகத் திரும்பாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். அடுத்து வரும் ஜோடி இலையைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் கணுவில் செம்பு நிறத்தில் கூரான துளிர் கிளம்பியது. அது விரிந்தபோது நரம்புக்கும் சதைக்கும் ஒரே பச்சை. போட்டோ அனுப்பினேன். அத்தை உடனே போன் பண்ணி, "எம்மட செடியும் அப்படித்தான் கண்ணு, இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார்கள்.

பச்சை திரும்பியதும் உரம் ஆரம்பித்தோம். தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட், தொட்டிக்கு அரை டீஸ்பூன், மாதம் ஒருமுறை, ஈர மண்ணில். அது மண்ணைப் புளிப்புப் பக்கம் இழுக்கும், அதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தது. அடி இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் வந்தால் அது சாம்பல்சத்துக் குறை, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கொடுத்தால் புது இலைகளில் வராது.

இனி வெளியிலா உள்ளேயா என்ற விஷயம். வீட்டுக்குள்ளேயே வைத்து வருஷம் முழுக்கப் பூ பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். எங்கள் கூடத்து ஜன்னலுக்குக் காலை வெயில் பத்து மணி வரை உண்டு. ஜன்னல் திண்டிலேயே வைத்தபோது மொட்டு வந்தது, குறைவாக. மூன்றடி உள்ளே தள்ளி டீப்பாய் மேல் வைத்தபோது இலை பளபளவென்று இருந்ததே தவிர மொட்டே கட்டவில்லை. நாலைந்து மணி நேரமாவது நேர் வெயில் பட்டால்தான் கிளை நுனியில் பூங்கொத்து உருவாகும். அதனால் மொட்டுக் கட்டுவது பால்கனியில், பூத்த பிறகு கூடத்தில். கொத்தில் நாலைந்து பூ விரிந்ததும் உள்ளே கொண்டுவந்தால் மற்ற மொட்டுகள் அங்கேயே ஒவ்வொன்றாக விரிகின்றன. ஒரு கொத்து வாரக்கணக்கில் நிற்கும். இரண்டு தொட்டியையும் மாற்றி மாற்றி வைப்பதால் கூடத்தில் அநேகமாக எப்போதும் பூ இருக்கிறது. திரும்ப வெளியே வைக்கும்போது நேராக உச்சி வெயிலுக்குத் தள்ளாமல் ஒரு வாரம் நிழல் பக்கம் வைத்துப் பழக்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும், கொட்டும்.

உள்ளே இருக்கும்போது மின்விசிறிக்கும் ஏசிக்கும் நேர் கீழே வைக்காதீர்கள். விரல் முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். வெளியே சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் ஓரம் கூடாது, சுவரின் அனலே செடியை வாட்டும். மேல்மண்ணை நிலக்கடலை ஓட்டால் இரண்டு அங்குலம் மூடிவிட்டால் ஆடிக்காற்றுக்கும் ஈரம் நிற்கும். மார்கழிக் குளிரில் வளர்ச்சி மந்தமாகும், அப்போது உரத்தை நிறுத்திவிடலாம்.

பூச்சியில் மாவுப்பூச்சிதான் தொல்லை. காம்பும் இலையும் சேரும் கக்கத்தில் பஞ்சு ஒட்டினது போல உட்காரும். எறும்பு தண்டில் ஏறி இறங்கினால் அங்கே மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது கழிக்கும் இனிப்பு நீரில்தான் இலை மேல் கரிப்பூசணம் படர்கிறது. பால்கனிக் குழாயில் வேகமாகத் தண்ணீர் அடித்துக் கழுவி, பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு திரவ சோப்பும் கலந்து, வாரம் ஒருமுறை பொழுதோட அடித்தால் அடங்குகிறது. உள்ளே வைப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பார்த்துவிடுவது நல்லது, வீட்டுக்குள் வந்தால் பக்கத்துத் தொட்டிக்கும் பரவும்.

கவாத்து பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலிக்கு வெட்டுவது போல எப்போதும் தலையைச் சமமாக வெட்டிக்கொண்டே இருந்தால் பூ வராது, ஏனென்றால் பூ கிளை நுனியில்தான். கொத்து வாடியதும் அதற்குக் கீழே உள்ள முதல் நல்ல இலை ஜோடிக்கு மேலே வெட்டினால் போதும். இலைகள் எதிரெதிராக இருப்பதால் ஒவ்வொரு வெட்டிலிருந்தும் இரண்டு துளிர் வரும், வெயில் சரியாக இருந்தால் இரண்டிலும் கொத்து. செடி குட்டையாகவும் அடர்த்தியாகவும் நிற்பதும் இதனால்தான்.

வெட்டிய குச்சிகளை வீணாக்கவில்லை. முற்றவும் இல்லாமல் பச்சைத் துளிராகவும் இல்லாமல் நடுத்தரமானதாக, பென்சிலில் பாதிப் பருமனில், மூன்று கணு உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். அடி இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாக நறுக்கி, கழுவிய நார்த்தூளும் மணலும் சரிபாதி கலந்த கப்பில் ஒரு கணு புதையும்படி ஊன்றி, மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து நிழலில் வைத்தேன். மழைக்காலத்தில் ஊன்றினால் வேர் பிடிப்பது சுலபம், ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். இழுத்துப் பார்க்காமல், மேலே புதுத் துளிர் வருகிறதா என்று பார்த்தால் போதும். வேர் பிடித்தவற்றில் இரண்டை அத்தைக்குக் கொடுத்தேன். பிழைக்காமல் போன செடியின் பிளாஸ்டிக் தொட்டி அங்கே காலியாகத்தான் இருந்தது, அதில் ஒன்றும் திண்ணை ஓரம் ஒன்றுமாக வைத்திருக்கிறார்கள். மழைநீர் டிரம்மும் இப்போது இரண்டாகிவிட்டது.